பதினேழாவது குடுவை

"மரத்துக்குள்ள வாசனை எங்கம்மா ஒளிஞ்சிண்டிருக்கு?"

ஜாஹ்னவி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த கமலவல்லி செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்து, புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் வாசனை வருகிறதே என்றாள். அன்றைக்குத்தான் சீமைக் கருவேல மரத்தூளிலிருந்து முதன்முதலாக ஒரு சிட்டிகை வெனிலின் எடுத்திருந்தார்கள். கடையில் விற்கிற வெனிலா எசென்ஸில் மணப்பது அதுதான். அது மரத்திலிருந்து வந்தது என்று சொன்னதும் குழந்தைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உள்ளேயிருந்து அவள் அப்பா தேசிக், "உங்கம்மாகிட்ட கேள்வி கேக்காதேடி, சாக்பீஸை எடுத்துண்டு வந்துடுவா. அப்புறம் ராத்திரித் தளிகை யார் பண்றது?" என்று குரல் கொடுத்தான். கமலவல்லி வாசலிலேயே உட்கார்ந்து பதில் சொன்னாள். மரத்துக்குள் நார் இருக்கிறது. நாரை நாரோடு ஒட்டி மரத்தை நிமிர்ந்து நிற்க வைக்கிற பசை ஒன்றும் இருக்கிறது. அதற்கு லிக்னின் என்று பேர். வாசனை அதற்குள்தான் இருக்கிறது.

"கூப்ட்டா வந்துடுமா?"

"பக்குவமாக் கூப்ட்டா வரும்."

இதெல்லாம் நடந்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அந்த வீட்டில் தேசிக் இல்லை. பெருந்தொற்றின் இரண்டாவது அலை அவனைப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டுக் கொண்டுபோய்விட்டது. அதே காய்ச்சலில் விழுந்து எழுந்த கமலவல்லிக்கு வாசனை தெரியாமல் போயிற்று. ஆறு மாதத்தில் திரும்பிவிடும் என்றார் டாக்டர். பிறகு ஒரு வருஷம் என்றார். பிறகு அவரும் சொல்வதை விட்டார், இவளும் கேட்பதை விட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் ஸ்ரீரங்கம் கோயில் தாயார் சன்னதிக்குப் போவதை மட்டும் அவள் விடவில்லை. தீர்த்தம் வாங்கிக்கொள்ளும்போது உள்ளங்கையில் ஈரம் தெரியும். பச்சைக் கற்பூரமும் ஏலக்காயும் அந்த ஈரத்தில் இருப்பது அவளுக்கு ஒரு தகவலாகத்தான் தெரியும். தேசிக்கின் சட்டைகளைப் பீரோவில் வைத்திருந்தாள். எப்போதாவது ஒன்றை எடுத்து முகத்தருகே கொண்டுபோனால் துணி துணியாக இருந்தது. வீட்டுக்கு மூக்கு என்றால் இப்போது ஜாஹ்னவிதான். பத்து வயதுப் பெண், காலையில் பால் பாத்திரத்தை முகர்ந்து பார்த்து, "நன்னாத்தான் இருக்கும்மா, காய்ச்சு" என்று உத்தரவு கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகும். கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே, "அம்மா, அடிப்பிடிக்கறது!" என்று கத்தும். யாரும் சொல்லிக் கொடுத்து அது இதைச் செய்யவில்லை. பெருமாள் சில உதவிகளை இப்படித்தான், கேட்காமலே வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் கமலவல்லியைத் தைரியசாலி என்றார்கள். அழுது யாரும் பார்த்ததில்லை. அது தைரியம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால்போல ஏதோ ஒன்று உள்ளே மரத்துக் கிடந்தது. அதன்மேல் எழுந்து நின்று அவள் தினமும் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, பாலம் தாண்டி, கல்லூரிக்குப் போய், பாடம் நடத்தி, திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"அம்பத்து நாலு, மேடம்."

தராசுக்கு முன்னால் நின்றுகொண்டு, திரும்பிப் பார்க்காமலே ரஞ்சனி சொன்னாள். வையம்பட்டிப் பெண். குடியானவர் வீட்டில் முதல் பட்டதாரி. கமலவல்லியிடம் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்து நாலாவது வருஷம். அது அவளுடைய பதினோராவது முயற்சி.

செய்கிற வேலை கேட்பதற்கு எளிமையானதுதான். மரத்திலிருந்து பசையைப் பிரிக்க ஆலைகளில் காரமான ரசாயனங்களைப் போட்டுக் காய்ச்சுவார்கள். கழிவு ஆற்றைக் கெடுக்கும். கமலவல்லி எடுத்துக்கொண்டது சாது வழி. கோழித்தீவனத்தில் கலக்கிற உப்பு ஒன்று, தயிரைப் புளிக்க வைக்கிற அமிலம் ஒன்று. இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் தேன் பதத்தில் ஒரு திரவம் ஆகிவிடும். அதில் மரத்தூளைப் போட்டு எட்டு மணி நேரம் சூட்டில் கலக்கிக்கொண்டே இருந்தால் நார் அப்படியே நிற்க, லிக்னின் மட்டும் திரவத்தில் இறங்கும். வடிகட்டி, தண்ணீர் விட்டால் பழுப்புப் பொடியாகப் படியும். அந்தப் பொடியிலிருந்து வெனிலின் எடுக்கலாம், பசை செய்யலாம், மருந்துக்குச் சரக்கு எடுக்கலாம். ஏரிகளை அடைத்துக்கொண்டு நிற்கிற, வெட்டிக் கரி சுடுவதைத் தவிர வேறெதற்கும் ஆகாத மரத்துக்கு ஒரு மரியாதை கிடைக்கும்.

சூட்டையும் நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில், பதினேழாவது சோதனையில்தான் மரத்தில் இருந்த லிக்னினில் நூற்றுக்கு எண்பத்தொரு பங்கு வெளியே வந்தது. அந்த எண்பத்தொன்றை வைத்துக் கட்டுரை வந்தது. கட்டுரையை வைத்து மூன்று வருஷத் திட்டம் வந்தது. திட்டம் வந்த பிறகு பொடியிலிருந்து வெனிலின் எடுக்கிற அடுத்த கட்டத்திலேயே எல்லோரும் மூழ்கிவிட்டார்கள். முதல் கட்டம் முடிந்த விஷயம் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது திட்டத்தை நீட்டிக்க வேண்டுமானால் அந்த எண்பத்தொன்றைத் திரும்பச் செய்து காட்டுங்கள் என்று தில்லியிலிருந்து நிபுணர் குழு எழுதியிருந்தது. இன்னும் மூன்று வாரம். திட்டம் நின்றால் ரஞ்சனியின் உதவித்தொகை நிற்கும். எண் வராவிட்டால் அவளுடைய ஆய்வேட்டில் பாதி நிற்காது.

"கை சுத்தமாத்தான் மேடம் பண்றேன். நீங்க எழுதினபடி ஒண்ணு விடாமப் பண்றேன். அம்பத்து ரெண்டு, அம்பத்தாறு, அம்பத்து நாலு. அதுக்கு மேல ஏற மாட்டேங்குது." ரஞ்சனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பக்கத்து லேப்ல என்ன சொல்றாங்க தெரியுமா? மேடத்தோட எம்பத்தொண்ணு பெருமாள் குடுத்த பிரசாதம், எல்லாருக்கும் கிடைக்குமாங்கிறாங்க."

சுருக்கென்று தைக்க வேண்டிய பேச்சு. கமலவல்லி தைக்கிறதா என்று ஒரு கணம் காத்துப் பார்த்தாள். வேறு ஊர்ச் செய்தியைப் பேப்பரில் படிப்பதுபோல இருந்தது.

"ஊர்ல என்னன்னா டாக்டராகி வந்து முட்டி வலிக்கு ஊசி போடுவியான்னு கேக்குறாங்க. ஊசியும் போட முடியாது, டாக்டரும் ஆக முடியாது போலருக்கு." ரஞ்சனி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. கமலவல்லி அவள் தோளைத் தொட்டாள். தொட வேண்டிய இடம் அது என்று தெரிந்து தொட்டாள், அவ்வளவுதான்.

அன்று மதியம் அவள் பழைய நோட்டை எடுத்தாள். எடையை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்ட அன்றைக்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை. திறக்கக் கூடாது என்று நினைத்தும் வைக்கவில்லை, கை போகவில்லை. பதினேழாவது சோதனை, ஏப்ரல் மாதம், காலை பதினொன்று நாற்பது. மேலே மூன்று வரி அவளுடைய கையெழுத்து. மரத்தூள் எடை, திரவத்தின் எடை, சூடு. அதற்குப் பிறகு கையெழுத்து மாறுகிறது. உருண்டை உருண்டையான, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது போன்ற எழுத்து. அது ஆய்வுக்கூட உதவியாளர் ரெஜிஸுடையது.

அன்றைக்குப் பகல் பன்னிரண்டரைக்குத்தான் போன் வந்தது. தேசிக்குக்கு மூச்சு வாங்குகிறது, ஆக்ஸிஜன் படுக்கை தேட வேண்டும். ஹாட் பிளேட்டில் ஓடிக்கொண்டிருந்த குடுவையை அப்படியே விட்டுவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது ஐந்து மாதம் கழிந்திருந்தது. மேஜைமேல் பதினேழு என்று எழுதி ஒட்டிய சிறு குப்பியில் பழுப்புப் பொடி இருந்தது, நோட்டில் எடை இருந்தது. யாரோ செய்து வைத்ததை அவள் தன்னுடையதாக எடுத்துக் கணக்கிட்டு அறிக்கையில் சேர்த்தாள். யார், எப்படி என்று கேட்கவில்லை. அந்த நாட்களில் அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பக்கத்தை வரிவரியாகப் பார்த்தாள். ஒவ்வொரு அரை மணிக்கும் சூட்டைக் குறித்திருந்தது. ஒன்று விடவில்லை. கடைசி வரி ஏழு நாற்பது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு பயந்து கிடந்த நாட்களில், காலி ஆய்வுக்கூடத்தில் ஒரு மனிதர் ஏழு மணி நேரத்துக்கு மேல் இந்தக் குடுவைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். பக்கத்தின் அடியில், செய்தவர் பெயர் என்கிற இடத்தில், உருண்டை எழுத்தில் 'கமலவல்லி மேடம்' என்று இருந்தது.

ஒன்று நாற்பது வரிக்கும் இரண்டு பத்து வரிக்கும் நடுவே எதையோ எழுதி, ரப்பரால் அழித்திருந்தது. காகிதத்தைச் சாய்த்துப் பிடித்ததில் ஒரே ஒரு சொல் தெரிந்தது. கீறல்.

ரெஜிஸ் ஸ்டோர் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. பாலக்கரைக்காரர். பதினெட்டு வருஷமாக இங்கே வேலை. ஆனாலும் வருஷா வருஷம் ஜூனில் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற வேலைதான். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"உக்காருங்க ரெஜிஸ். பதினேழாவது சோதனை அன்னிக்கு என்ன ஆச்சு?"

"நீங்க வச்சபடியேதான் மேடம் ஓடுச்சு."

"கீறல்னு எழுதி அழிச்சிருக்கீங்களே."

ரெஜிஸ் டப்பாவைப் பையில் வைத்தார். பையை மாட்டினார். பிறகு மாட்டிய பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மணி வாக்குல பாத்தேன் மேடம். குடுவை அடியில கீறல் விட்டு ஒழுகிட்டிருந்துச்சு. பாதி போயிருச்சு. தூளு உள்ளயேதான் நின்னுச்சு. வேற குடுவைக்கு மாத்தினேன். புது கரைசல் அலமாரில, சாவி உங்க பையில. புதுசாச் செஞ்சு ஊத்தலாம்னா எனக்கு அதைச் செய்யத் தெரியாது."

"எதை ஊத்தினீங்க?"

அவர் மூலையைப் பார்த்தார். அங்கே இருபது லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று இருந்தது. அதன்மேல் மார்க்கர் பேனாவால் யாரோ மாணவன் 'எச்சில்' என்று எழுதியிருந்தான்.

அது அவளைக் கேலி செய்து வைத்த பேர். ஒவ்வொரு சோதனையிலும் அளவெடுக்க ஒரு பங்கு போக மிஞ்சுகிற கரைசல் அந்தக் கேனுக்குப் போகும். ஒரு முறை மரம் பட்ட திரவம் திரும்பப் புதுப் பாட்டில் பக்கம் வரக் கூடாது. ஒரு கரண்டி இரண்டு பாட்டிலில் முழுகக் கூடாது. கொட்டியது திரும்ப ஏறக் கூடாது. வேதியியலிலும் அது சட்டம்தான். ஆனால் கமலவல்லியிடம் அது சட்டத்துக்கும் மேலே போய்விட்டது. தொட்டால் கை கழுவ வேண்டிய பத்து எது, எச்சில் எது என்று பிரித்துப் பிரித்து வைத்த ஸ்ரீரங்கத்துத் தளிகையறையில் பிறந்து வளர்ந்த கை அது. திட்ட அறிக்கையில், பயன்படுத்திய திரவத்தையே சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்துவோம், எதையும் வீணாக்கமாட்டோம் என்று அவளே எழுதியிருந்தாள். அதைச் செய்து பார்க்க வேண்டிய வாரம் வரும்போதெல்லாம் வேறு வேலை வந்துவிடும். வேறு வேலை ஒன்றும் வருவதில்லை என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கை கூசியிருக்கிறது. மாணவர்கள் அந்த இடத்துக்கு மடி லேப் என்று பேர் வைத்திருந்தார்கள்.

"கேன்லேருந்தா?"

"ஆமா மேடம். அதுவும் அதே கரைசல்தானே, பழசு, அவ்வளவுதானேன்னு நெனச்சேன். நிப்பாட்டினா உங்க ஒரு மாச வேலை போயிரும்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

ரெஜிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கு உங்களுக்கு போன் பண்ணி, குடுவை ஒடஞ்சிருச்சுன்னு எப்படி மேடம் சொல்றது?"

வெளியே யாரோ மாணவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

"அப்பறம் நீங்க வந்தீங்க. முகத்தப் பாத்தேன், வாய் வரல. எச்சில் கேன்லேருந்து ஊத்தினேன்னு சொன்னா அந்தக் குப்பியத் தூக்கிப் போட்டிருப்பீங்க. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அது பேப்பர்ல வந்துருச்சு. தப்புதான் மேடம். என் பேரப் போட்டுருங்க. பண்ணது நான்தான்."

"பாக்கலாம்" என்றாள் கமலவல்லி.

உண்மை தெரிய அரை மணி நேரம் கூட ஆகவில்லை. ரஞ்சனியைக் கூப்பிட்டு, கேனிலிருந்து ஒரு பீக்கரில் கரைசலை எடுக்கச் சொன்னாள். மரத்தூள் போட வேண்டாம், ஒன்றும் போட வேண்டாம், வெறுமனே தண்ணீர் விடு. ரஞ்சனி விட்டாள். பீக்கர் கலங்கியது. புதுத் தூள் ஒரு துளிகூட இல்லாத கரைசலிலிருந்து பழுப்புப் பொடி மெல்ல மெல்ல இறங்கி அடியில் படிந்தது.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பழைய மரங்களின் லிக்னின் கேனில் கரைந்து கிடந்திருக்கிறது. அதை ஊற்றியதும் பதினேழாவது குடுவையில் அதுவும் சேர்ந்து விழுந்திருக்கிறது. எண்பத்தொன்றில் ஒரு பங்கு அந்த மரத்தூள் கொடுத்ததே இல்லை.

"அப்ப என்னோட அம்பத்து நாலு?"

"அதுதான் சரி."

ரஞ்சனி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "பதினோரு தடவை மேடம்" என்றாள். "பதினோரு தடவையும் என் கையையே திட்டிக்கிட்டு இருந்தேன்." கோபப்படுவாள் என்று கமலவல்லி நினைத்தாள். அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள், பிறகு மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாளே கேனை மேஜைமேல் ஏற்றியது ரஞ்சனிதான். கரைசலிலிருந்த பொடியையெல்லாம் தண்ணீர் விட்டு இறக்கி, வடித்து, தண்ணீரை ஆவியாக்கி, டீத் தண்ணி நிறத்தில் திரவத்தை மீட்டாள். அதில் புதுத் தூளைப் போட்டு எட்டு மணி நேரம் ஓட்டினாள். ஐம்பத்தைந்து வந்தது. திரும்ப மீட்டாள், திரும்ப ஓட்டினாள். ஐம்பத்து நாலு. "பழசும் புதுசும் ஒண்ணாத்தான் மேடம் வேலை செய்யுது. அப்ப எதுக்குக் கொட்டணும்?" என்றாள். கேனில் எழுதியிருந்த பேரை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டாள். கமலவல்லி அந்தத் திரவத்தில் கரண்டியை விட்டுக் கலக்கிப் பார்த்தாள். கை கூசியது. கூசுவது அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததே புதிதாக இருந்தது.

துறைத் தலைவர் அழகிரி கெட்டவர் அல்ல. எதையும் கோப்பில் பத்திரமாக வைக்க வேண்டும் என்று நினைக்கிறவர். முழுக்கக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதை நாமளா போய் எழுதணுமா மேடம்? கேட்டா வரலைன்னு சொல்லிட்டுப் போலாம். மரம் மாறிப் போச்சு, மண்ணு மாறிப் போச்சுன்னு நூறு காரணம் இருக்கு."

"அப்ப அந்தப் பொண்ணோட கைதான் சரியில்லைன்னு ஆயிடும் சார்."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி, எழுதுங்க. ஆனா தப்பு நடந்துதுன்னு மட்டும் எழுதினா விடமாட்டாங்க. யாருன்னு ஒரு பேரு கேப்பாங்க. ஃபார்ம்லயே இருக்கு. அன்னிக்கு லேப்ல யாரு இருந்தா? ரெஜிஸா? அந்தாள் பேரப் போட்டுட்டீங்கன்னா உங்களுக்கு ஒண்ணும் வராது. ஒப்பந்தக்காரர், பயிற்சி இல்லாதவர்னு போயிரும். உங்க பேருன்னா அது கடைசி வரைக்கும் உங்க சர்வீஸ்ல நிக்கும். அடுத்த வருஷம் புரொமோஷன் வேற இருக்கு."

"யோசிக்கறேன் சார்."

"திங்கக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க."

அந்த வெள்ளிக்கிழமையும் அவள் சன்னதிக்குப் போனாள். யோசிக்க வேண்டும் என்று போனாள். யோசனை ஒன்றும் வரவில்லை. வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரு வயதான மனிதர், கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தள்ளாடாமல் நிற்க முயன்றுகொண்டிருந்தார். பின்னால் நின்ற யாரோ ஒருவர், அவர் அறியாமல், முதுகுக்குப் பின்னே கையை நீட்டித் தயாராக வைத்திருந்தார். தொடவில்லை. வரிசை நகர நகர அந்தக் கையும் கூடவே நகர்ந்தது. வயதானவர் விழவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. தீர்த்தம் வாங்கிக்கொண்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். கமலவல்லி அந்தக் கையை வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜாஹ்னவி, "என்னம்மா, பேசவே மாட்டேங்கற?" என்றாள்.

"ஒரு லெட்டர் எழுதணும்டி."

"யாருக்கு?"

"தில்லிக்கு."

"சாரி லெட்டரா?"

கமலவல்லி குழந்தையைப் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

"அப்போ சின்னதா எழுது. நீளமா எழுதினா மிஸ் நம்ப மாட்டா."

சனிக்கிழமை ஆய்வுக்கூடம் அரை நாள்தான். ஒரு மணிக்கு ரெஜிஸ் ஜன்னல்களைச் சாத்தினார். வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றார்.

"அனுப்பிட்டீங்களா மேடம்?"

"இன்னும் இல்ல."

"ஜூன்ல கையெழுத்துக்கு வரும்போது எப்படியும் தெரிஞ்சிரும். அதுக்காக நீங்க சங்கடப்பட வேணாம். வீட்ல சொல்லிட்டேன்." அவர் புன்னகை செய்தார். "போயிட்டு வரேன் மேடம்."

"போயிட்டு வாங்க ரெஜிஸ்."

ரஞ்சனி முன்னாடியே வையம்பட்டி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். கட்டிடம் முழுக்க ஆள் இல்லை. கமலவல்லி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். ரெஜிஸ் என்று எழுதுவது பொய் ஆகாது. அதுதான் நடந்தது. ஆனால் நடந்தது அது மட்டுமா என்று யோசித்தாள். ஓடுகிற குடுவையை விட்டுப் போனவள் யார்? திரும்பி வந்து, யார் செய்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல், குப்பியை எடுத்துத் தன் பேரில் எழுதிக்கொண்டவள் யார்? ஒரு மனிதர் பழசு என்ற சொல்லைச் சொல்லப் பயப்படும்படி இந்த அறையை வைத்திருந்தது யார்?

சின்னதாகவே எழுதினாள். பதினேழாவது சோதனையைத் தொடங்கியது நான். பாதியில் விட்டுச் சென்றதும் நான். அதில் பயன்படுத்திய திரவம் கலந்திருந்தது. திரும்பி வந்து அதை விசாரித்து உறுதிசெய்வது என் கடமை, செய்யவில்லை. எண்பத்தொன்று தவறு. ஐம்பத்து நாலு சரி, அதைக் கண்டவர் ஆய்வு மாணவி ரஞ்சனி. திரவத்தை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதும் அவர் கண்டது. பொய் எதுவும் இல்லை என்று இரண்டு முறை படித்துப் பார்த்தாள். கடைசிக் கட்டத்தில், தவறுக்குப் பொறுப்பானவர் பெயர் என்று இருந்தது. கமலவல்லி தேசிக் என்று அடித்தாள். அனுப்பினாள். திரை ஒரு முறை வெளுத்து, அனுப்பப்பட்டது என்று காட்டியது.

நெஞ்சு லேசாகும் என்றோ கண் நிறையும் என்றோ எதிர்பார்த்தவள்போல அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

விளக்கை அணைக்க எழுந்தபோது கழுவுதொட்டியைப் பார்த்தாள். வாரம் முழுக்க ரஞ்சனி ஓட்டிய குடுவைகள், வாய்வரை பழுப்பேறி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. லிக்னின் கறை லேசில் போகாது. திங்கட்கிழமை காலையில் சோடாவும் பிரஷ்ஷுமாக ரெஜிஸ் ஒரு மணி நேரம் தேய்ப்பார். பதினெட்டு வருஷமாகத் தேய்க்கிறார். கமலவல்லி புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கையுறையைத் தேடவில்லை. முதல் குடுவையை எடுத்துச் சோடாவைத் தூவி, பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்த்தாள். பிறர் கைபட்ட பாத்திரங்கள். பழுப்பு விரல் இடுக்குகளில் இறங்கி நகத்தடியில் ஏறியது. குழாய்த் தண்ணீர் சில்லென்று இருந்தது. மணிக்கட்டுவரை சில்லென்று இருந்தது.

பதினான்கு குடுவைகள். ஒன்றொன்றாகக் கழுவி மரத் தாங்கியில் தலைகீழாக மாட்டினாள். திங்கட்கிழமை ரெஜிஸ் வந்து, ரஞ்சனி செய்துவிட்டாள் என்று நினைப்பார். ரஞ்சனியோ, ரெஜிஸ் அண்ணன் செய்தார் என்று நினைப்பாள். கமலவல்லி கதவைப் பூட்டிக்கொண்டு போன பிறகு, மேற்கு ஜன்னலின் கண்ணாடி வழியாக வெயில் குடுவைகளின் வரிசைக்கு வந்தது. ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் ஒரு சொட்டு இறங்கி, விழலாமா என்று நின்று, பிறகு விழுந்தது.